இடுப்புவரை வளர்ந்த முடியை நாமே வெட்டிக்கொள்வது

இடுப்பைத் தாண்டிய முடி, அடியில் நாலு விரற்கடைக்கு நுனி வெடித்து வறண்டு கிடக்கிறது, பார்லரில் ஒரு இன்ச் போதும் என்று சொல்லி உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது ஒரு சாண் தரையில் கிடக்கிறது, வீட்டில் நானே வெட்டிக்கொண்டால் கோணல்மாணலாகப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. என் முடியைப் பன்னிரண்டு வருடமாக நானேதான் வெட்டிக்கொள்கிறேன், அக்கா முடியும் என் மகள் முடியும் என் கையால்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் கை வேலை கொஞ்சம்தான், புரிந்துகொள்ள வேண்டியதுதான் அதிகம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீள முடியை வெட்டுவதுதான் சுலபம், குட்டை முடிதான் கஷ்டம். கழுத்தோடு நிற்கிற முடியில் அரை சென்டிமீட்டர் ஏறி இறங்கினாலும் எதிரே வருகிறவர் கண்ணில் படும். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, நீங்கள் தோளைத் திருப்பினாலே அதைவிட அதிகமாக முடி நகர்கிறது. அப்புறம் இன்னொன்று. எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதில் உங்களைவிட அக்கறையான ஆள் கிடைக்க மாட்டார். வெட்டிக் கொடுப்பவருக்குக் கோடு நேராக வர வேண்டும் என்பதுதான் குறி, ஒவ்வொரு முறை நேராக்கும்போதும் ஒரு விரற்கடை போகும். உங்களுக்கோ அந்த ஒரு விரற்கடை ஒன்றரை மாத வளர்ச்சி.

சரி, கோணல் ஏன் வருகிறது? கை நடுங்குவதாலோ பழக்கம் இல்லாததாலோ இல்லை. முதன்முதலில் நான் வெட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். நன்றாகச் சீவி, மொத்த முடியையும் வலது தோள் வழியாக முன்னால் இழுத்துப் போட்டு, ஒரே கொத்தாகப் பிடித்து, நூல் பிடித்த மாதிரி வெட்டினேன். கையில் இருந்தவரை அவ்வளவு நேராக இருந்தது. பின்னால் தள்ளி உதறிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் நாலு விரல் நீளம், வலது பக்கம் ஏறிப்போய், குறுக்கே ஒரு சாய்ந்த கோடு. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. வலது காதுப் பக்கத்து முடி வேரிலிருந்து நேரே தோளுக்கு இறங்கிவிடுகிறது. இடது காதுப் பக்கத்து முடி பிடரியைச் சுற்றிக்கொண்டு வந்துதான் அதே தோளுக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டினால், சுற்றி வந்த முடி அந்தச் சுற்றின் அளவுக்கு நீளமாக மிஞ்சிவிடும்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்: எந்த முடி அதிக தூரம் சுற்றிவந்து கத்தரியைத் தொடுகிறதோ, அது அவிழ்த்து விட்டபிறகு நீளமாக நிற்கும். எல்லா முடியையும் பிடரியில் கட்டி வெட்டினால், பிடரி முடிக்குச் சுற்றே இல்லை, நெற்றிப் பக்கத்து முடிதான் தூரம் வந்திருக்கிறது. அதனால் பின்னால் பார்க்க ஏறத்தாழ நேர்கோடாக இருக்கும், முடியை முன்னால் எடுத்துப் போட்டால் பக்கத்து முடி கொஞ்சம் நீண்டு தெரியும். வகிடு எடுத்து இரண்டு பங்காக்கி இரண்டு தோள் வழியாகவும் முன்னால் கொண்டுவந்து வெட்டினால், நடுமுதுகு முடிதான் தூரம் சுற்றி வருகிறது, அதனால் நடுவில் நீண்டு பக்கங்களில் ஏறுகிற யூ வடிவம் வரும். அதே இரண்டு பங்கையும் இன்னும் முன்னால், நெஞ்சின் நடுவுக்கே இழுத்து வெட்டினால் யூ ஆழமாகி வி பக்கம் போகும். உச்சந்தலையில் குதிரைவாலாகக் கட்டி வெட்டினால் பிடரி முடி நீண்டு மேல்முடி குட்டையாகி லேயர் விழும். நெற்றிக்கு மேலே கொண்டைமாதிரி முன்னால் கட்டி வெட்டினால் முகத்தைச் சுற்றிக் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் வரும். இணையத்தில் சுற்றுகிற நூற்றெட்டு முறைகளும் இந்த ஒரு கணக்கின் வேறுவேறு வடிவங்கள்தான். வீடியோவில் பார்க்கிற எதையும் செய்வதற்கு முன், கட்டுகிற இடத்துக்கு எந்த முடி தூரமாக வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் முடிவு எப்படி இருக்கும் என்று வெட்டாமலே சொல்லிவிடலாம்.

தலை நிற்கிற நிலையும் இதே கணக்குதான். குனிந்துகொண்டு வெட்டினால் உச்சி முடி தலையின் வளைவைத் தாண்டி நீண்ட வழி வருகிறது, நிமிர்ந்ததும் அடி முடி குட்டையாகவும் மேல்முடி அதை மூடிக்கொண்டு நீளமாகவும் இருக்கும். அண்ணாந்து வெட்டினால் நேர்மாறு. எவ்வளவு வெட்டியிருக்கிறோம் என்று பார்க்கத் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முகம் நேரே, தாடை தரைக்குச் சமமாக, தோள் இரண்டும் தளர்ந்து இருக்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காகிதமும் பிளாஸ்டிக் கவரும் வெட்டுகிற கத்தரி முடியை வெட்டாது, மடக்கும், நசுக்கும், நுனிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அப்படி மென்று துப்பினமாதிரி விடப்பட்ட நுனி கொஞ்ச நாளிலேயே திரும்பப் பிளந்துவிடும், அப்புறம் வெட்டியதற்கு அர்த்தமே இல்லை. முடி வெட்டுவதற்கென்றே வருகிற கத்தரி, 5.5 அல்லது 6 இன்ச் அளவில் ஒன்று வாங்கிவிடுங்கள், அதில் முடியைத் தவிர வேறு எதையும் வெட்டாதீர்கள். கூர்மை பார்க்க ஒரு வழி: மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நனைத்துப் பிழிந்து, ஒரே மூச்சில் வெட்டிப் பாருங்கள். சுத்தமாக வெட்டினால் நல்ல கத்தரி. காகிதம் மடிந்து அலகுக்கு நடுவே சிக்கினால் அதை உங்கள் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிடிப்பது கட்டைவிரலும் மோதிரவிரலும், அசைவது கட்டைவிரல் மட்டும். மற்ற அலகு ஆடாமல் நின்றால்தான் கோடு ஆடாது. வெறும் காற்றில் ஐம்பது முறை திறந்து மூடிப் பழகிக்கொண்டு அப்புறம் முடியைத் தொடுங்கள்.

இன்னும் என்னென்ன வேண்டும்? பெரிய பல் சீப்பு ஒன்று, வகிடு எடுக்க வால் சீப்பு, துணி சுற்றிய சின்ன ரப்பர் பேண்டு ஏழெட்டு, நாலு பெரிய கிளிப், ஒரு துணி அளவு டேப். நல்ல பகல் வெளிச்சம். அவ்வளவுதான்.

வெட்டப் போகிற அந்த நுனியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவ்வளவு வெட்டுவது என்ற முடிவு அதில்தான் இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்கிறது, வருடத்துக்கு 15 சென்டிமீட்டர் பக்கம். இடுப்புவரை 90 சென்டிமீட்டர் முடி என்றால் அதன் நுனிக்கு ஆறு வயது. ஆறு வருட வெயில், ஆறு வருடச் சீவல், துவட்டல், தலையணை உரசல் எல்லாம் அந்த நுனி பட்டிருக்கிறது. முடியின் மேலுறை மீன் செதில் அடுக்கினமாதிரி இருக்கும். அந்தச் செதில் தேய்ந்து உதிர்ந்தபிறகு உள்ளே இருக்கிற நார் பிரிந்துகொள்கிறது, அதைத்தான் நாம் நுனி வெடிப்பு என்கிறோம். தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை, காயம் ஆறுகிறமாதிரி அது ஆறாது. சீரம் தடவினால் பிளந்த இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்கும், தலைக்குக் குளித்ததும் திரும்பப் பிரியும். போக வேண்டிய வழி கத்தரி ஒன்றுதான்.

அதே காரணத்தால்தான், நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பதும் சரியில்லை. வளர்வது வேரில், வெட்டுவது நுனியில், நுனிக்கு ஆனது வேருக்குத் தெரியாது. ஆனால் வெட்டாமலே விட்டால் பிளவு மேலே ஏறி ஏறி நடுவில் ஒடிந்து விழும், வளர்ந்ததெல்லாம் உடைந்தே போகும், பார்க்கிறவருக்கு முடி வளராமல் நின்றுவிட்டமாதிரி தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று மாதத்தில் 3 முதல் 3.75 சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 சென்டிமீட்டர் வெட்டினால் வருடம் முழுக்க வளர்த்தும் முடி குறைந்துகொண்டே வரும். ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெட்டினால் வருடத்துக்கு எட்டுப் பத்து சென்டிமீட்டர் கையில் மிஞ்சும். பார்லர் போகிற பலருக்கு முடி ஒரே நீளத்தில் வருடக்கணக்காக நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு முடி எவ்வளவு காலம் வளரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக 2 முதல் 6 வருடம், சிலருக்கு அதற்கும் மேல். சீனாவைச் சேர்ந்த ஷியே சியூபிங் 1973-ல், 13 வயதில், முடி வளர்க்கத் தொடங்கினார், 2004-ல் கின்னஸ் அளந்தபோது 5.627 மீட்டர் இருந்தது. அது அபூர்வம். நமக்கு இருக்கிற வருடங்களில் வளர்கிற நீளத்தை ஒடியாமல் காப்பாற்றிக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது.

இனி வேலை. முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு வெட்டினால் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு உண்மையான கோடு தெரியாது. கோரை முடி என்றால் காய்ந்த நிலையிலேயே வெட்டலாம், லேசான ஈரம் இருந்தாலும் பரவாயில்லை. சொட்டச் சொட்ட வேண்டாம். நனைந்த முடி இழுத்தால் 30 சதவீதம்வரைகூட நீளும், இழுத்துப் பிடித்து வெட்டிவிட்டுக் காய்ந்ததும் பார்த்தால் நினைத்ததைவிட மேலே ஏறியிருக்கும். சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போங்கள், உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வெடித்த நுனியெல்லாம் முடிச்சாகித் தங்கும்.

நெற்றி நடுவிலிருந்து பிடரிக்குழிவரை வால் சீப்பால் நேர்வகிடு எடுங்கள். பிடரிப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் வகிடு வளைந்துவிடும். சீப்பின் வால் முனையை முதுகெலும்பின் மேட்டில் வைத்துத் தொட்டுக்கொண்டே மேலே ஏறி வாருங்கள், அல்லது ஃபோனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் கூடச் செலவானால் பரவாயில்லை. ஒரு பக்கம் பத்து முடி கூடிப்போனால் அந்தப் பத்தும் தனியாக ஒரு வால் மாதிரி நீண்டு தொங்கும்.

இரண்டு பங்கையும் காதுக்குப் பின்னாலிருந்து தோள் வழியாக முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றையும் தோளுக்குக் கொஞ்சம் கீழே, கழுத்தெலும்பு உயரத்தில், ஒரு பேண்டு போட்டுக் கட்டுங்கள். இரண்டு பேண்டும் ஒரே உயரத்தில், மார்பின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், டேப் வைத்தே அளக்கலாம். இனி பேண்டுக்குக் கீழே சீவி, நாலு விரல் விட்டு அடுத்த பேண்டு, மறுபடி சீவி அடுத்தது. இப்படி நுனிவரை இறங்குங்கள். ஒவ்வொரு பேண்டும் முடியை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது, கை தளர்ந்தாலும் கோடு மாறாது. கடைசிப் பேண்டை, வெட்ட நினைக்கிற இடத்துக்கு ஒரு விரல் மேலே நிறுத்துங்கள். இப்போது மேல் பேண்டிலிருந்து கடைசிப் பேண்டுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே எண் வர வேண்டும். 41, 41. ஒரு பக்கம் 41, மறுபக்கம் 42 என்றால் பேண்டை நகர்த்துங்கள், கத்தரியை இன்னும் எடுக்காதீர்கள்.

வெட்டும்போது இரண்டு சென்டிமீட்டர் எடுக்க நினைத்திருந்தால் முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். கடைசிப் பேண்டுக்குக் கீழே இருக்கிற வாலை இடது கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே தட்டையாகப் பரப்பிப் பிடியுங்கள், உருண்டையாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினால் நடுவில் இருக்கிற முடிக்கும் ஓரத்து முடிக்கும் நீளம் மாறும். அலகின் நுனியால் சின்னச் சின்ன வெட்டாகப் போங்கள். அது முடிந்ததும் கத்தரியைச் செங்குத்தாக, முடி தொங்குகிற திசையிலேயே நிமிர்த்தி, நுனிக்குள்ளே மூன்று நாலு மில்லிமீட்டர் மட்டும் போகிறமாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டிவிடுங்கள். கோடு போட்டமாதிரி தெரியாமல் மென்மையாக இறங்கும், சின்னப் பிசகு இருந்தாலும் இதில் கரைந்துவிடும். வெட்டும்போது ஒரு சத்தம் வரும், மணலில் நடக்கிறமாதிரி நொறுநொறுவென்று. கூரான கத்தரி நல்ல முடியில் போகிற சத்தம் அது. சத்தமே இல்லாமல் முடி வழுக்கிக்கொண்டு போனால் கத்தரி மழுங்கியிருக்கிறது.

அவிழ்த்து, பின்னால் தள்ளி, சீவி, நிமிர்ந்து நின்று பின்பக்கம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிடலாம். இன்னொரு சோதனை: இரண்டு காதுக்குப் பின்னாலிருந்தும் ஒரு விரல் கனத்துக்கு ஒவ்வொரு கற்றை எடுத்து நேரே முன்னால் இறக்கி, இரண்டும் சட்டையின் எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஒரு பக்கம் கொஞ்சம் எடுத்து, மறுபக்கத்தை அதற்குச் சரியாக்கி, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து, இப்படியேதான் இடுப்பு முடி ஒரு ராத்திரியில் தோளுக்கு வந்து சேர்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான பக்கத்தை மட்டும் வெட்டுங்கள், அதுவும் பாதி அளவு. மீதியை அடுத்த தலைக்குளியலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முடி இயல்பாக விழுந்தபிறகு பாதி வித்தியாசம் தானாகவே காணாமல் போயிருக்கும்.

நேர்கோடுதான் வேண்டும் என்றால் பிடரியில் தாழ்வாக ஒரே குதிரைவால் கட்டி, நாலு விரலுக்கு ஒரு பேண்டாக முதுகோடு இறக்கிக்கொண்டே போய், எல்லாம் கட்டி முடித்த பிறகு மட்டும் வாலை முன்னால் எடுத்து வெட்டுங்கள். பேண்டு போடாமல் முன்னால் இழுத்தீர்களோ, என் முதல் அனுபவம்தான் உங்களுக்கும்.

வீட்டில் வெட்டிவிட ஒருவர் இருந்தால் வேலை இன்னும் சுலபம், ஆனால் அவரிடம் முன்கூட்டியே எவ்வளவு என்று டேப்பில் காட்டிவிடுங்கள், வாயால் சொல்கிற இன்ச் ஆளுக்கு ஓர் அளவு. குறுக்குக்கோடு போட்ட டி-ஷர்ட் ஒன்றை உடம்பில் சுருக்கம் இல்லாமல் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். முதுகில் ஓடுகிற அந்தக் கோடுகள்தான் அளவுகோல். வெட்டுகிறவர் நின்றுகொண்டு குனியக் கூடாது, முடி நுனி அவர் கண் உயரத்துக்கு வருகிறமாதிரி உட்கார்ந்துகொள்ள வேண்டும், மேலிருந்து பார்த்தால் கோடு எப்போதும் பொய் சொல்லும். மேல்முடியைச் சுருட்டிக் கிளிப் போட்டுவிட்டு, பிடரிப் பக்கத்து அடி அடுக்கை மட்டும் விட்டு, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு முதலில் வெட்டி, அதைப் பார்த்து இடமும் வலமும் போக வேண்டும். அப்புறம் அடுத்த அடுக்கை இறக்கி, கீழே தெரிகிற கோட்டுக்கு வெட்ட வேண்டும். அடர்த்தியான முடியை ஒரே தடவையில் வெட்டினால் உள்ளே இருக்கிற முடி நழுவி நீளமாக நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வெட்டும்போது நுனி மழுங்கின கத்தரி, உட்கார்ந்த நிலை, காதுக்கும் கத்தரிக்கும் நடுவே எப்போதும் உங்கள் விரல்.

சுருட்டை முடிக்கு மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது. அதை ஈரத்தில் வெட்டவே வேண்டாம், காய்ந்து தன் இயல்பில் சுருண்டிருக்கும்போது ஒவ்வொரு சுருளாக எடுத்து வெட்ட வேண்டும். என் மகளுக்கு அலையும் சுருளும் கலந்த முடி. ஒருமுறை குளித்த ஈரத்தோடு இரண்டு விரல் வெட்டினேன், காய்ந்ததும் முகத்தோரச் சுருள்கள் தோளைவிட்டுக் கன்னத்துக்கு ஏறிவிட்டன, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றாள். ஒரே தலையில் பிடரிச் சுருள் தளர்வாகவும் நெற்றிச் சுருள் இறுக்கமாகவும் இருக்கும், ஈரத்தில் எல்லாம் ஒரே நீளமாகத் தெரிகிறது, காயும்போது ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு சுருங்குகிறது. அவளுக்கு இப்போது ஒரு சுருளை இழுக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, கடைசி வளைவு முடிகிற இடத்தில் வெட்டுகிறேன். ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், எனக்கு அது பிடித்த வேலை.

நீளத்தைத் தொடாமல் வெடித்த நுனிகளை மட்டும் எடுக்கவும் முடியும். கருப்பு முடிக்கு மடியில் வெள்ளைத் துணி, நரைத்த முடிக்குக் கறுப்புத் துணி விரித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு விரல் கனத்துக் கற்றையை விரல் மேல் வளைத்துப் பிடித்தால் நுனிகள் விசிறி மாதிரி விரியும். இரண்டாகக் கிளைத்திருப்பவை, இறகு மாதிரி பல கிளையாகப் போனவை, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருப்பவை, தனி முடியில் விழுந்த முடிச்சு, இவைதான் தேட வேண்டியவை. வெள்ளைப் புள்ளி இருக்கிற இடத்தில் முடி உள்ளுக்குள் நொறுங்கிவிட்டது, எப்படியும் அங்கே ஒடியத்தான் போகிறது. பிளவு முடிகிற இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள், சரியாகப் பிளவின் வாயில் வெட்டினால் அது தொடர்ந்து கிழியும். கற்றையை முறுக்கி, வெளியே நீட்டுகிற முடியையெல்லாம் மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டே வருகிற முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீட்டிக்கொண்டு நிற்பதில் பாதி, இப்போதுதான் வளர்ந்து வருகிற நல்ல புதுமுடி. அதையும் சேர்த்து வெட்டினால் ஒரு வருடத்தில் சடை மெலிந்துவிடும்.

லேயர் பற்றி ஒரு வார்த்தை. தினமும் சடை போடுகிறவர் என்றால் வேண்டாம். சடை நெடுக முடி துருத்திக்கொண்டு நிற்கும், அடிச்சடை எலிவால் ஆகிவிடும், அதைத் திரும்ப ஒரே நீளத்துக்குக் கொண்டுவர வருடங்கள் ஆகும். பல் வைத்த கத்தரியும் சவரக்கத்தியும் வீட்டில் நீள முடிக்குத் தேவையே இல்லை. சவரக்கத்தி முடியைச் சாய்வாகச் சீவுகிறது, செதில் உரிந்த நுனி மிச்சமாகிறது. மெழுகுவர்த்தி கொளுத்தி வெடித்த நுனியைச் சுட்டுவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு, சூடு பட்ட முடி குமிழ் குமிழாக வெந்து இன்னும் சீக்கிரம் ஒடியும், முடியில் தீப் பிடித்தால் முகம் பக்கத்தில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் இன்னொன்று பாருங்கள். நுனி மெலிந்திருப்பதெல்லாம் வெடிப்பால்தான் என்று இல்லை. மெலிந்த இடத்துக்குச் சற்று மேலே, குட்டையாக நிற்கிற முடிகளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை தட்டையாகவோ பிசிறாகவோ இருந்தால் அது ஒடிந்த முடி, கூராக ஊசி மாதிரி முடிந்தால் இன்னும் கத்தரியே படாத புதுமுடி. கூர்முனை முடி நிறைய இருந்தால், முன்பு கொட்டிப்போனது திரும்ப வளர்ந்து வருகிறது என்று பொருள். பிரசவத்துக்கு அப்புறம், பெரிய காய்ச்சலுக்கு அப்புறம், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது உண்டு, திரும்ப வளர்கிற முடி அடிவரை வந்து சேர வருடங்கள் எடுக்கும், அதுவரை அடி மெலிதாகத்தான் இருக்கும். அதை வெட்டித் தீர்க்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் முடி போயிருந்தாலோ, கொட்டுவது ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டியது, கத்தரிக்கு அங்கே வேலை இல்லை.

இடுப்பு முடியைத் தோளுக்குக் குறைக்கிற பெரிய வெட்டு, யாரோ கெடுத்த லேயரைச் சரிசெய்வது, இந்த இரண்டுக்கும் நானும் நல்ல கை உள்ளவரிடம்தான் போவேன். முடி தானம் கொடுப்பதாக இருந்தால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்த முடியை மேலும் கீழும் பேண்டு போட்டு, மேல் பேண்டுக்கு மேலே வெட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று நாள்காட்டி பார்த்து வெட்ட வேண்டாம். இரவு சடை அவிழ்த்துச் சீவும்போது சீப்பு ஒவ்வொரு நாளும் அடியில் ஒரே இடத்தில் சிக்குகிறதா, அதுதான் நேரம். சூடு வைக்காத, சாயம் ஏற்றாத முடி ஆறு மாதம்கூடத் தாங்கும். வெட்டி முடித்ததும் துண்டு முடியைத் தரையில் விடாமல் கூட்டி எடுத்துவிடுங்கள், வெட்டின முடித்துண்டு ஊசி மாதிரி காலில் ஏறும், குளியலறை என்றால் தண்ணீர் போகிற வழியை அடைக்கும். கத்தரியைத் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உறையில் போட்டு, வீட்டில் யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் முடிக்கு வருகிறேன். நாலு விரற்கடை கெட்டிருக்கிறது என்றால் ஏழெட்டு சென்டிமீட்டர். அதை ஒரே நாளில் எடுக்காதீர்கள். இந்த வாரம் 2 சென்டிமீட்டர், கை பழகவும் அதுவே சரியான அளவு. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே 2 சென்டிமீட்டர், நடுவில் ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள், பிளவு மேலே ஏறாது. இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட அதே அளவு மேலே வளர்ந்துவிடும். நாலாவது முறை வெட்டும்போது ஆறாம் மாதம், கெட்ட நுனி முழுக்கப் போயிருக்கும், முடி இப்போது இருக்கிற அதே இடத்தில், இடுப்புக்குக் கீழேதான் இருக்கும்.